இரவில் தாழும் வண்டி

தமிழ் பயிலும் மாணவனொருவன் மோட்டார் வண்டியின் நோயைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். ஆயினும், கொல்லனது உலைக்களத்திற் காற்றை அடைத்து ஊதுங் கருவிக்குத் துருத்தி என்னும் பெயர் நம் மொழியில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அத்துருத்தியை ஒத்த நான்கு ரப்பர்ப் பைகளின்மேல் அமர்ந்து செல்லும் வண்டி ஒன்றுண்டு. அது நோயுறுங்கால் நோயின் முதலை எங்ஙனம் நாடுவது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

இங்கிலாந்தில் ஸோலிஹல் என்னும் ஊரிற் பிறந்த ரேஞ்ச் ரோவர் வண்டி, மேடும் பள்ளமும் சேறும் நிறைந்த வழிகளைக் கடத்தற்கென அமைந்தது. 1970-இல் அது முதன்முதல் வெளிவந்தபோது இரும்புச் சுருள்வில்களே அதன் பாரத்தைத் தாங்கின. 1992-இல் சில வண்டிகளில் அவ்வில்களுக்கு மாற்றாகக் காற்றுத் துருத்திகள் அமைக்கப்பெற்றன. 1994-இல் வெளிவந்து 2001 வரை செய்யப்பட்ட இரண்டாந் தலைமுறை வண்டிகளிலோ, துருத்திகளே விதியாயின. அவ்வண்டிகள் இன்று முதுமை எய்திவிட்டன. அவற்றைப் பேணுவோர் பலர்க்கும் பொதுவாய குறை யாதெனில், மாலையில் நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் மண்டியிட்டுக் கிடப்பதே.

நோயை அறியுமுன் உடலை அறிதல் வேண்டும். கம்ப்ரஸர் என்னும் சிறு காற்றமுக்கி, வெளிக்காற்றை இழுத்து அமுக்குகின்றது. அக்காற்று ஈரம் உறிஞ்சும் மணிகள் நிறைந்த உலர்த்தியின் வழியே சென்று ஓர் இரும்புக் கலத்தில் ஏறத்தாழப் பத்து வளிமண்டல அழுத்தத்திற் சேமிக்கப்படுகின்றது. கலத்திலிருந்து வால்வுப் பெட்டிக்கும், அதிலிருந்து மெல்லிய நைலான் குழாய்கள் வழியே நான்கு துருத்திகட்கும் காற்று செல்லும். சக்கரந்தோறும் அமைந்த உயரமானிகள் வண்டியின் நிலையை மின்னணுக் கட்டுப்பெட்டிக்கு இடையறாது அறிவிக்கும். அப்பெட்டி அதற்கேற்ப வால்வுகளைத் திறந்து மூடும். விரைந்தோடுங்கால் வண்டி ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் தாழ்வதும், கரடுமுரடான வழியில் 40 மில்லிமீட்டர் உயர்வதும், மக்கள் ஏறி இறங்குதற்கு 65 மில்லிமீட்டர் பணிவதும் இவ்வேற்பாட்டின் பயனாம்.

இனி, வண்டி தாழ்ந்து கிடப்பதைக் கண்டவர் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்றுண்டு. கம்ப்ரஸர் ஓயாது முழங்குவதையோ, முழங்கி முழங்கி அடங்கிவிட்டதையோ கண்டு, அதுவே குற்றவாளி எனத் தீர்த்துப் புதியதொன்றை வாங்கிப் பூட்டிவிடுகின்றனர். பொருள் செலவாகின்றது, சில திங்களிற் புதியதும் பழையதன் வழியே செல்கின்றது. ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பப் பணிக்கப்பட்டவன் களைத்து வீழ்ந்தால், குடத்தை நோக்காது ஆளை மாற்றுதல் அறிவுடைமையாகுமோ? கம்ப்ரஸர் இடைவிட்டுத் தொழில் செய்யவே அமைந்தது. எங்கோ காற்று கசியுமாயின், அது ஓய்வின்றி உழைத்துச் சூடேறும். வெப்பங் கடந்தால் தானே நின்றுவிடும். நாளடைவில் அதன் பிஸ்டனைச் சூழ்ந்த வளையம் தேயும். ஆகவே, கம்ப்ரஸரின் தளர்ச்சி பல வேளைகளில் நோயன்று, நோயின் விளைவேயாகும்.

அங்ஙனமாயின் கசிவை எங்குத் தேடுவது? இங்குத்தான் இவ்வண்டியின் விந்தையொன்று நம்மை மயக்குகின்றது. வண்டியை நிறுத்திப் பூட்டியபின்னும் கட்டுப்பெட்டி முற்றும் உறங்குவதில்லை. ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை சிறிது விழித்து, நான்கு மூலைகளுள் மிகத் தாழ்ந்தது எதுவோ அதன் மட்டத்திற்கு ஏனை மூன்றையும் இறக்கிவிடும். வண்டி சாயாது நிற்கவேண்டும் என்பதே அதன் கருத்து. விளைவு யாது? ஒரு துருத்தி மட்டும் கசிந்தாலும், விடியற்காலையில் நான்கும் ஒருங்கே தாழ்ந்திருக்கும். குற்றமுடையதும் குற்றமற்றவையும் ஒரே தோற்றத்துடன் நம்முன் நிற்கும். இதனை அறியாதார் நான்கு துருத்திகளையும் மாற்றிவிட்டு, பிழை வேறிடத்தில் இருத்தலாற் பின்னும் வருந்துவர்.

இம்மயக்கத்தை நீக்கும் வழி மிக எளிது. இரவிற் கட்டுப்பெட்டியை விழிப்பிக்கும் ரிலே ஒன்று முன்னிருக்கையின் அடியில் உள்ளது. மாலையில் அதனைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து அதன்மேலுள்ள தகட்டின் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்க. காலையில் மீண்டும் அளந்தால், கசியும் மூலை மட்டுமே தாழ்ந்து தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். அளவுகோலும் ஓர் இரவுப் பொறுமையுமே இதற்கு வேண்டுவன.

மூலை தெரிந்தபின் சோப்பு நீரைத் தூரிகையால் அம்மூலையின் துருத்தியிலும் குழாய் இணைப்பிலும் தடவுக. நுரை எழும்பும் இடமே கசியும் இடம். முதிர்ந்த துருத்தியில் ரப்பர் மடிந்து உருளும் பகுதியில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுதல் இயல்பு. குளிர் மிகுந்த காலையில் ரப்பர் இறுகுதலால் கசிவு மிகுவதும் உண்டு. துருத்தியும் இணைப்பும் நலமாயின், வால்வுப் பெட்டியை நாடுக. அதனுள் இருக்கும் சிறு ரப்பர் வளையங்கள் ஆண்டுகள் கழியத் தட்டையாகிக் காற்றை விட்டுவிடும். அவற்றின் விலை மிகச் சிறிது. அவற்றால் விளையும் இடரோ மிகப் பெரிது. பெட்டியினுள் வெண்பொடி காணப்படின், உலர்த்தியின் மணிகள் நொறுங்கிவிட்டன என அறிந்து, பெட்டியைத் துடைத்து உலர்த்தியையும் மாற்றுதல் வேண்டும்.

வண்டி தாழாது, நின்ற இடத்திலேயே காரணமின்றி ஏறி இறங்குமாயின் அது கசிவன்று. உயரமானியின் உள்ளே மின்தடைத் தடம் ஓரிடத்திலேயே உராய்ந்து தேய்ந்தமையால், பொய்யான செய்தி கட்டுப்பெட்டிக்குச் செல்கின்றது என உணர்க.

இன்னுமொன்று. பெருங்குறை காணின் கட்டுப்பெட்டி தன் தொழிலை நிறுத்தி, மணிக்கு 35 மைலுக்கு மேற் செல்லற்க என ஓட்டுவோர்க்கு அறிவிக்கும். மடிக்கணினியை இணைத்து அவ்வறிவிப்பை அழித்துவிடுதல் இன்று இயலும். ஆனால் அறிவிப்பை அழித்தல் வேறு, குறையைத் தீர்த்தல் வேறு. சுரமானியை உடைத்தெறிவதாற் சுரம் தணிவதில்லை யன்றோ?

இவையனைத்தினும் தலையாய எச்சரிக்கை இதுவாகும். காற்றினால் உயர்ந்து நிற்கும் வண்டியின் அடியில் எவரும் புகலாகாது. ஒரு குழாய் கழன்றால் அப்பெரும்பாரம் முன்னறிவிப்பின்றி இறங்கும். சட்டத்தின் கீழ் உறுதியான இரும்புத் தாங்கிகளை நிறுத்திய பின்னரே உள்ளே செல்க. காற்றை வெளியேற்றிய பின்னரே இணைப்புகளைக் கழற்றுக. சிறு பழுதை நீக்கப் புகுந்து உயிரை இழத்தல் எவ்வாற்றானும் தகாது.

இத்தொல்லைகட்கு அஞ்சிக் காற்றுத் துருத்திகளை அறவே நீக்கி இரும்புச் சுருள்வில்களைப் பூட்டிக்கொண்டாரும் உளர். அவர்கள் கவலை ஒழிந்தது மெய்யே. ஆனால் வேண்டியபோது உயர்ந்தும் பணிந்தும் செல்லும் வண்டியின் தனிச்சிறப்பும் உடன் ஒழிந்தது. கசியும் வளையம் ஒன்றைத் தேடிக் கண்டிருப்பின் அவ்விழப்பு நேர்ந்திராது.

ஆகவே, எது முழங்குகின்றதோ அதன்மேற் பழி சுமத்தாது, எது ஓசையின்றிக் கசிகின்றதோ அதனை அளந்து காண்பதே இவ்வாராய்ச்சியின் சாரமாகும். கொல்லனும், தன் துருத்தி ஊதாதபோது முதலில் அதன் தோலையே தடவிப் பார்த்திருப்பான்.