ஒரு எண் தப்பினால் பணம் போச்சு! ஆஸ்பத்திரி பில் வேலைக்கு என்ன தெரிய வேண்டும்?

கோவை,

"ஏனுங்க, காலையிலயே டாக்டர் வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டாருங்க. பில்லு இன்னும் வரலீங்களே?"

அவினாசி ரோடு ஆனாலும் சரி, மேட்டுப்பாளையம் ரோடு ஆனாலும் சரி, ஆஸ்பத்திரி கவுண்டரில் மாலை வேளையில் கேட்கும் குரல் இது. பதில் சொல்ல வேண்டியவர் பில் பிரிவு ஊழியர்.

பொள்ளாச்சி, கோபி, உடுமலை பக்கத்துப் பட்டதாரிகள் பலர் இந்த வேலைக்கு வருகிறார்கள். கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும் என்று நினைத்து வந்தால் திணற வேண்டியதுதான்!

அறை வாடகையில் ஆபத்து

இன்சூரன்ஸ் பாலிசியில் அறை வாடகை நாளொன்றுக்கு ரூ.5 ஆயிரம் என்று இருக்கிறது. நோயாளி ரூ.10 ஆயிரம் அறை எடுக்கிறார். வித்தியாசம் ரூ.5 ஆயிரம்தானே என்று குடும்பத்தார் நினைக்கிறார்கள். அங்கேதான் அடி!

அறைக்குத் தகுந்தபடி கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரியாக இருந்தால், டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் ஆகியவற்றிலும் பாதியை இன்சூரன்ஸ் கம்பெனி வெட்டலாம். அந்தக் கட்டணங்கள் ரூ.1 லட்சம் என்றால், ரூ.50 ஆயிரம் சொந்தப் பணம்.

மருந்து, பரிசோதனை, உடலுக்குள் வைக்கும் கருவிகள் ஆகியவற்றிலும், தீவிர சிகிச்சைப் பிரிவு கட்டணத்திலும் இப்படி வெட்டக் கூடாது. இது 2020-ல் வந்த விதி.

இதை அட்மிஷன் அன்றே எடுத்துச் சொல்பவர்தான் நல்ல பில் ஊழியர். டிஸ்சார்ஜ் அன்று சொன்னால், நகையை அடகு வைக்க ஓட வேண்டியதுதான்.

3 மணி நேரம்

ஆஸ்பத்திரியில் இருந்து கேட்பு வந்த 3 மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி கடைசி அனுமதி தர வேண்டும். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் கேட்டால், அதைக் கம்பெனியே ஏற்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் போட்ட உத்தரவு இது.

ஆனால் டிஸ்சார்ஜ் அறிக்கை, பரிசோதனை முடிவு, மருந்து ரசீது எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால்தானே? ஒரு காகிதம் விட்டுப் போனாலும் கம்பெனி திருப்பிக் கேள்வி கேட்கும். பொழுது போய்விடும்.

முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குக் கணக்கே வேறு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகை முன்பே நிர்ணயம். அட்டையோடு வரும் ஏழைக்கு அந்தச் சலுகை கிடைப்பதும், நழுவிப் போவதும் கவுண்டரில் இருப்பவர் கையில்!

அமெரிக்க பில்

இன்னொரு வகை வேலையும் கோவையில் நடக்கிறது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களை இங்கே உட்கார்ந்து தயாரிக்கும் வேலை.

அங்கே எல்லாமே எண்கள். ரத்தக் கொதிப்புக்கு "ஐ 10". இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்கு "இ 11". மணிக்கட்டுப் பக்கம் எலும்பு முறிந்தால், வலது கைக்கு ஒரு எண், இடது கைக்கு வேறு எண். ஒரு இலக்கம்தான் வித்தியாசம்! மாற்றிப் போட்டால் பணம் வராது.

2015 அக்டோபரில் அமெரிக்கா இந்தப் புதிய பட்டியலுக்கு மாறியது. ஏறத்தாழ 14 ஆயிரம் எண்கள் இருந்த இடத்தில் சுமார் 70 ஆயிரம் வந்துவிட்டன. மனப்பாடம் செய்ய முடியாது, தேவையும் இல்லை. உடற்கூறு தெரிய வேண்டும், டாக்டர் எழுதிய இங்கிலீஷ் புரிய வேண்டும். டாக்டர் எழுதாததை நாமாகச் சேர்க்கக் கூடாது. அது மோசடி.

நிறுத்தி வைத்த பணத்தைப் போனில் கேட்டு வாங்கும் பிரிவுக்கு ராத்திரி வேலை. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. வீட்டில் யோசித்துச் சேர வேண்டிய விஷயம்.

ஏமாறாதீர்கள்

"சி.பி.சி." என்ற அமெரிக்கத் தேர்வுக்கு மதிப்பு உண்டு. 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். எண் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். அனுபவம் இல்லாதவர் பாஸ் செய்தால், முதலில் "பயிற்சி நிலை" என்ற குறியோடுதான் சான்றிதழ் வரும்.

ஆகவே "பணத்தைக் கட்டுங்க, வேலை கையில" என்று யாராவது சொன்னால், பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை தரும் கம்பெனி சம்பளம் கொடுக்கும், டெபாசிட் கேட்காது.

தம்பி, அம்மிணி, வேலை கிடைத்துக் கவுண்டரில் உட்கார்ந்த பிறகு ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். எதிரே நிற்பவர் ராத்திரி முழுக்கத் தூங்காதவர். அவருக்கு விளங்கும்படி பில்லைப் படித்துச் சொல்லத் தெரிந்தால், பாதி வேலை முடிந்தது!