ஆகாயத்தோடு பேசும் வீட்டு ரேடியோ

வானவெளிக்குக் குரல் அனுப்புவதென்றால் பெரிய சர்க்கார்கள் கோடிக்கணக்கில் செலவிட்டுச் செய்யும் காரியம் என்ற எண்ணம் நம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கிறது. இது முற்றிலும் தவறான எண்ணம். ஒரு மரச்சட்டம், அதில் பொருத்திய சில அலுமினியக் கம்பிகள், ஐந்து வாட் சக்தியுள்ள கைக்கடக்கமான யந்திரம், பரீட்சையில் தேறிப் பெற்ற லைசென்ஸ், இவ்வளவு இருந்தால் போதும். நடுத்தரக் குடும்பத்து வாலிபன் ஒருவன் தன் வீட்டு மொட்டை மாடியில் நின்றபடியே, சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குத் தன் குரலை அனுப்பலாம். உலகெங்கும் பலர் அனுப்பிக்கொண்டும் இருக்கிறார்கள்.

இதன் சூட்சுமம் எளிது. சிற்றலைகள் ஆகாயத்தின் மேற்பகுதியில் மின்னேற்றம் பெற்ற படலத்தில் பட்டுப் பூமிக்கே திரும்பி விடுகின்றன. தூர தேசத்து ஒலிபரப்புகள் நம் காதில் விழுவது அதனால்தான். அப்படலத்தைத் துளைத்து அப்பால் போக வேண்டுமானால் சுமார் 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகள் வேண்டும். 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 2 மீட்டர். ஆகவே ஏரியல் கம்பி ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் இருந்தால் போதும். அளப்பதில் கவனமும், பற்றவைப்பதில் பொறுமையும் உள்ள எவரும் செய்து விடலாம். பேசுவதுதான் கஷ்டம். ஓர் அடிவானத்தில் உதிக்கும் நிலையம் பத்து நிமிஷத்தில் மறு அடிவானத்தில் மறைந்து விடும். அதற்குள் ஏரியலைக் கையில் பிடித்து, அது போகும் வழியெல்லாம் திருப்பிக்கொண்டே பேச வேண்டும். மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓடுவதால், ரயில் எஞ்சினின் ஊதல் நெருங்குகையில் ஏறி விலகுகையில் இறங்குவது போல, அதிலிருந்து வரும் அலையும் ஏறி இறங்கும். அதைத் துரத்திப் பிடிப்பதில் உள்ள ருசி அனுபவித்தவர்களுக்கே தெரியும்.

சந்திரனில் அலையை மோதவிட்டு எதிரொலி கேட்ட பெருமை 1946-ல் அமெரிக்க ராணுவத்துக்குக் கிட்டியது. ஏழே வருஷங்களில், 1953-ல், இரண்டு அமெச்சூர்கள் தங்கள் சொந்த யந்திரத்தால் அதைச் செய்து காட்டினார்கள். 1960 ஜூலையில் அமெரிக்காவின் கீழ்க்கரையிலும் மேற்கரையிலுமிருந்த இரண்டு சங்கங்கள் சந்திரன் வழியாகவே மோர்ஸ் சங்கேதத்தில் சம்பாஷித்தன. அலை போய்த் திரும்ப இரண்டரை விநாடி. 1961 டிசம்பர் 12-ல் அமெச்சூர்களே செய்த 4.5 கிலோ எடையுள்ள ஆஸ்கார் என்னும் சிறு கோள், ராக்கெட்டில் ஓரத்தில் இடம் கேட்டு ஏறிப் போய், சுமார் மூன்று வாரம் ஆகாயத்திலிருந்து ஒலித்தது. ஸ்புட்னிக் பறந்து அப்போது நாலு வருஷந்தான் ஆகியிருந்தது.

நம்மவரும் சோம்பியிருக்கவில்லை. அகில இந்திய ரேடியோ என்ற பெயர் பிறப்பதற்கு வெகு முன்னரே, 1924-ல், கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் 1927-ல் அது நின்றது. அந்நிய ஆட்சியோ 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டத்தால் இத்துறையைத் தன் ஏகபோக உரிமையாக்கிக்கொண்டிருந்தது. 1933-ம் வருஷச் சட்டத்தில் லைசென்ஸின்றி யந்திரம் வைத்திருப்பதே குற்றமாயிற்று. 1939-ல் யுத்தம் மூண்டதும் அமெச்சூர்களின் லைசென்ஸ்கள் ரத்தாயின. 1942-ல் உஷா மேத்தாவும் தோழர்களும் காங்கிரஸ் ரேடியோவை ரகசியமாக நடத்திச் சிறை சென்ற கதையை நாடு மறக்கவில்லை.

ஸ்வராஜ்யத்தில் நிலைமை மாறியது உண்மை. 2005 மே 5-ல் அமெச்சூர்களுக்கென்றே ஹாம்சாட் என்ற கோளை இஸ்ரோ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. அதில் நம் நாட்டு அமெச்சூர்கள் செய்த கருவியும் இருந்தது. 1885-ம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதுச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது. ஆயினும் அமெரிக்காவில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட லைசென்ஸ்கள் இருக்க, அதைவிடப் பன்மடங்கு ஜனத்தொகை கொண்ட நம் நாட்டில் அதில் பத்திலொரு பங்குகூட இல்லை. லைசென்ஸே கூடாதென்று நாம் வாதிக்கவில்லை. ஆகாயம் பொதுச் சொத்து. ஒருவன் கூச்சல் விமானியின் செவியை அடைக்கலாகாது. ஆனால் கட்டுப்பாடு வேறு, சந்தேகம் வேறு. பிரஜையின் கையில் யந்திரம் இருப்பது ஆபத்தென்று எண்ணியது அந்நிய ஆட்சியின் மனோபாவம். 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கி அந்தமானில் தந்தியும் டெலிபோனும் அறுந்தபோது, தற்செயலாகப் போர்ட் பிளேருக்குப் போயிருந்த அமெச்சூர்களின் யந்திரமல்லவா தீவுகளின் செய்தியை வெளியே கொண்டு வந்தது?

1977-ல் அமெரிக்கர் அனுப்பிய வாயேஜர் கலங்களிலுள்ள இசைத்தட்டில் 55 பாஷைகளில் வாழ்த்துக்கள் உண்டு. தெலுங்கும் கன்னடமும் இருக்கின்றன, தமிழ் இல்லை. அதற்காகக் கோபிப்பது வீண். தட்டில் பொறித்ததை மாற்ற முடியாது. ஆனால் மொட்டை மாடியிலிருந்து புறப்படும் தமிழ்க் குரலை யார் தடுப்பார்கள்? விண்வெளி நிலையத்தைத் தாண்டி அந்த அலை போய்க்கொண்டே இருக்கும். நாலேகால் வருஷத்தில் மிக அண்மையிலுள்ள நட்சத்திரத்தின் தூரத்தை எட்டும். ஐந்து வாட் அலை அதற்குள் பரந்து மெலிந்து, எந்தக் கருவியும் பிடிக்க முடியாததாகி விடும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லி விடுகிறோம்.

பன்னிரண்டு வயது நிரம்பியவர் இந்தப் பரீட்சை எழுதலாம். ஜில்லாவுக்கு ஒரு சர்க்கார் பள்ளியிலாவது அமெச்சூர் நிலையம் அமைக்கச் சென்னை சர்க்கார் அடுத்த பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும். ஒரு நிலையத்துக்கு ஆகும் செலவு, ஒரு மந்திரியின் கூட்டத்துக்குப் போடும் பந்தல் செலவை எட்டாது.