களிம்புக்கு அடங்காத தோல்

மார்பகப் புற்றுநோய் பற்றிய விழிப்புணர்வுப் பரப்புரை பெரும்பாலும் 'கட்டி' என்ற ஒற்றை அடையாளத்தைச் சுற்றியே நடந்துவருவதால், கையில் கட்டி தட்டுப்படாத வரை கவலைப்பட ஒன்றுமில்லை என்ற எண்ணம் பெண்களிடமும், அவர்களுக்கு முதலில் மருந்து கொடுப்போர் சிலரிடமும் ஊறிப்போயிருக்கிறது. ஆயினும் நோய் சில வேளைகளில் கட்டியாகத் தெரியாமல் தோலில்தான் முதலில் தலைகாட்டுகிறது. காம்பில் ஆறாத செதில், ஒரு பக்கத்து மார்பில் திடீரென வந்த கன்றிப்பு, தோல் தடித்துக் குழிவது, அதுவரை நிமிர்ந்திருந்த காம்பு உள்ளிழுத்துக்கொள்வது ஆகியவை அத்தகைய அறிகுறிகள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புற்றுநோய் காரணமில்லை என்பது ஆறுதல் தரும் உண்மை. புற்றால் வந்ததையும் அல்லாததையும் வெறுங்கண்ணால் மட்டும் பிரித்தறிவது தேர்ந்த மருத்துவருக்கும் எளிதன்று என்பது அதோடு சேர்த்து நினைவில் கொள்ள வேண்டிய உண்மை.

இச்சிக்கல் மருத்துவ உலகுக்குப் புதிதன்று. லண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், காம்பிலும் அதைச் சூழ்ந்த கருவட்டத்திலும் கரப்பான் போன்ற நாட்பட்ட புண் கொண்டிருந்த ஏறத்தாழ 15 பெண்களைப் பற்றி 1874-ஆம் ஆண்டு ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவர் தொடர்ந்து கவனிக்க முடிந்தவர்களுக்கெல்லாம் அதிகம் போனால் இரண்டு ஆண்டுகளுக்குள் மார்பகத்தினுள் புற்று உருவாகியிருந்தது. தோலின் நோய்தான் உள்ளே இருக்கும் சுரப்பியைக் கெடுக்கிறது என்று அவர் கருதினார். இன்று ஏற்கப்படும் விளக்கம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. மார்பகத்தின் பால்நாளங்களில் ஏற்கெனவே தோன்றிவிட்ட புற்றணுக்கள் நாளத்தின் வழியே மேலேறிக் காம்பின் மேல்தோலில் குடியேறுகின்றன என்றும், அங்கே அவை செதிலாகவும் கசிவாகவும் அரிப்பாகவும் வெளிப்படுகின்றன என்றும் அது கூறுகிறது. பேஜட் நோய் என்று அவர் பெயராலேயே வழங்கும் இந்நிலை, மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரையே காணப்படும் அரிய வகை. ஆயினும் இந்நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உள்ளேயும் புற்று இருப்பதால், அரிது என்பதற்காக அதை அலட்சியப்படுத்துவதற்கில்லை.

சாதாரணக் கரப்பானிலிருந்து இதை வேறுபடுத்த உதவும் குறிப்புகள் சில உண்டு. கரப்பான் பெரும்பாலும் இரு மார்பிலும் வரும்; கருவட்டத்தில் தொடங்கிக் காம்பைத் தொடாமலே நிற்கக்கூடும். பேஜட் நோயோ பொதுவாக ஒரு பக்கத்தில் மட்டும், காம்பில் தொடங்கிப் பின்னர் வெளிநோக்கிப் பரவுகிறது. ஆனால் இவை முடிவு சொல்லும் விதிகள் ஆகா. தோலில் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது மட்டுமே முடிவு சொல்லும்.

அந்தச் சோதனைக்குப் போகவிடாமல் தடுப்பவற்றுள் முதன்மையானது களிம்பு. ஸ்டீராய்டு என்னும், அழற்சியை அடக்கும் மருந்துப்பொருள் கலந்த களிம்புகளை 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு மருத்துவர் சீட்டுக்கே விற்கத்தக்க பட்டியலுக்குள் கொண்டுவந்த பின்னரும், படை, அரிப்பு என்று வாயால் சொன்னாலே மருந்துக்கடையில் அவை கிடைக்கும் வழக்கம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. இக்களிம்பு உண்மையான கரப்பானை ஆற்றிவிடும். பேஜட் நோயிலும் சிவப்பையும் அரிப்பையும் சில நாள் தணித்துக்காட்டும் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. தணிந்து, மீண்டும் கிளம்பி, மறுபடி பூசப்பட்டு, இப்படியே மாதங்கள் கழிந்துவிடுகின்றன. களிம்பால் சற்றுக் குறைந்தது என்பது நோயின் தன்மையைப் பற்றிய சான்று ஆகாது. முறையாகப் பூசியும் இரண்டு வாரத்தில் முழுதும் ஆறாத காம்புப் புண் எதுவாயினும் அது துணுக்குச் சோதனைக்கு உரியதே.

பேஜட் நோய் மெல்ல நகர்வது. அழற்சி மார்பகப் புற்றுநோய் எனப்படும் மற்றொரு வகை வாரக்கணக்கில் விரைவது. மார்பகத் தோலின் நுண்ணிய நிணநீர்க் குழாய்களை, அதாவது திசுக்களில் ஊறும் நீரை வடித்துச் செல்லும் குழாய்களை, புற்றணுக்கள் அடைத்துக்கொள்வதால் தோல் நீர்கோத்து வீங்குகிறது. மயிர்க்கால்கள் மட்டும் ஆழத்தில் பிணைந்திருப்பதால் அவ்விடங்கள் மேலெழாமல் சிறு குழிகளாக நின்றுவிட, தோல் முழுவதும் ஆரஞ்சுப்பழத் தோலின் தோற்றம் பெறுகிறது. மார்பு கனத்து, சூடேறி, ஒரு பக்கம் மட்டும் பெரிதாகத் தெரியும். அக்குளில் நெறி கட்டலாம். கட்டி என்று தனியாக எதுவும் கைக்குத் தட்டுப்படாமலும் இருக்கலாம். பாலூட்டும் தாய்க்கு வரும் பால்கட்டும் அதைத் தொடரும் சீழ்த்தொற்றும் ஏறக்குறைய இதே தோற்றம் தருவன என்பதால், ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லியை முதலில் கொடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் குணம் தெரியாதபோதும் மருந்தை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் தவறு. பாலூட்டாத பெண்ணிடம், அதிலும் மாதவிடாய் நின்றவரிடம், இத்தகைய வீக்கம் தோன்றினால் ஐயம் இன்னும் வலுவாக வேண்டும்.

இவ்விடத்தில் பாடநூல்களின் குறை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 'சிவந்திருக்கும்' என்ற அவற்றின் விவரிப்பும் உடன் அச்சான படங்களும் பெரும்பாலும் வெள்ளைத்தோல் கொண்டவர்களைப் பார்த்து உருவானவை. மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் அதே அழற்சி கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ வெறும் கருமையாகவோ தெரியும். சில வேளை நிறமாற்றம் தெரியாமலே போகலாம். ஆகவே தமிழ்ப் பெண்கள் சிவப்பைத் தேடிக்கொண்டிராமல், ஒரு மார்பை மற்றதோடு ஒப்பிட்டு, சூடு, தடிப்பு, அளவு ஆகியவற்றில் புதிதாக வந்த வேறுபாட்டைக் கவனிப்பதே பொருத்தம். மார்பில் வரும் கன்றிப்பை அக்கி என்று முடிவுசெய்து காவி பூசிக்கொள்ளும் வழக்கம், எஞ்சிய நிறமாற்றத்தையும் மறைத்துவிடுகிறது. அக்கி என்பது கொப்புளங்களோடு பட்டையாகப் படர்ந்து சில வாரங்களில் தானே வற்றும் நோய். வற்றாதது அக்கி அன்று.

அச்சம் தேவையில்லாதவை பல. மார்பின் அடிமடிப்பில் வியர்வையாலும் உராய்வாலும் வரும் பூஞ்சைப் படை வெப்பநாட்டில், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களிடம், மிகச் சாதாரணம். கருவட்டத்திலுள்ள சிறு முண்டுகள் இயல்பான சுரப்பிகளே. பிறவியிலேயே உள்ளிழுத்த காம்பும் நோயன்று. தோலுக்கடியில் கயிறுபோல் வலியோடு புடைக்கும் மோண்டர் நோய் எனப்படும் சிரை அழற்சி பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆனால் கையை உயர்த்தும்போது புதிதாகத் தெரியும் பள்ளம் வேறு வகையைச் சேர்ந்தது. மார்பகத்தைத் தாங்கும் நார்களை உள்ளிருக்கும் கட்டி சுண்டி இழுப்பதாலும் அப்பள்ளம் விழக்கூடும்.

மருத்துவமனையில் நடப்பது மும்முறைச் சோதனை எனப்படும். கண்ணாலும் கையாலும் பார்ப்பது ஒன்று. இளம் வயதினருக்கு ஸ்கேன் எனப்படும் ஒலியலைப் படமும் நாற்பதைக் கடந்தவர்களுக்கு மார்பக எக்ஸ்ரே படமான மேமோகிராமும் எடுப்பது மற்றொன்று. ஊசியாலோ துணுக்காகவோ சதை எடுத்துச் சோதிப்பது மூன்றாவது. பேஜட் நோய், அழற்சி மார்பகப் புற்றுநோய் ஆகிய இரண்டிலும் மேமோகிராம் இயல்பாக இருந்துவிடக்கூடும் என்பதால், படம் நன்றாக இருக்கிறது என்ற ஒன்றைக் கொண்டு சோதனையை நிறுத்திவிடக் கூடாது. தோல் துணுக்கு சில மில்லிமீட்டர் அளவினதே. மரக்கச்செய்யும் ஊசி போட்டு வெளிநோயாளிப் பிரிவிலேயே எடுத்துவிடுகின்றனர். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற அச்சம் பல குடும்பங்களில் சோதனையைத் தள்ளிப்போடுகிறது. அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் புற்றுநோய்க்காக மார்பகப் பரிசோதனை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவரும் இல்லை. இக்குறையைக் கூச்சத்தின் மீது மட்டும் போடுவது நேர்மையன்று. எங்கே போவது என்று தெரியாமையும், கூலி இழப்பும், முதலில் பார்த்தவர் உடையை விலக்கிப் பாராமலே மருந்து எழுதியதும் அதில் பங்குகொள்கின்றன. தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் உதவுகிறது. மார்பில் புதிதாக வந்த தோல் மாற்றம் இரண்டு வாரம் கடந்தும் நீடித்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெண்கள் பூசிய களிம்பின் குழாயையும் கையோடு எடுத்துக்கொண்டு அறுவைப் பிரிவு மருத்துவரிடம் காட்டி, சதைச் சோதனை தேவையா என்று நேரடியாகக் கேட்க வேண்டும்.