காசு இருந்தால் மட்டும் போதாது: ஒரு புதிய சைக்கிள் அணி உருவாகும் கதை

2025 ஜூலை 20. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் 15ஆவது கட்டம் கார்கசோன் நகரில் முடிகிறது. எல்லைக்கோட்டைத் தாண்டிய ஜூலியன் அலாபிலிப், வென்றுவிட்டதாக நினைத்துக் கொண்டாடுகிறார். கிடைத்ததோ மூன்றாம் இடம். டிம் வெல்லென்ஸ் ஒரு நிமிடத்துக்கும் மேல் முன்னதாகவே வந்து வென்றிருந்தார். தொடக்கத்தில் கீழே விழுந்ததில் அலாபிலிப்பின் ரேடியோ பழுதாகி, முன்னால் போனவர்களைப் பற்றிய தகவல் எதுவும் அவருக்கு எட்டவில்லை.

அவர் ஓட்டியது சுவிட்சர்லாந்தின் டியூடர் அணிக்காக. அந்த அணிக்கு அதுதான் முதல் டூர்.

அணியின் உரிமையாளர் ஃபேபியன் கான்சலாரா. பாரி-ரூபே, டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் இரண்டையும் மும்மூன்று முறை வென்றவர். 2016 ஒலிம்பிக் தங்கத்தோடு ஓய்வுபெற்றவர். நட்சத்திரங்களை விலைக்கு வாங்கி அவர் அணியைத் தொடங்கவில்லை. இளம் வீரர்களை வளர்த்துவந்த சுவிஸ் ரேசிங் அகாடமிதான் அடித்தளம். கடிகார நிறுவனமான டியூடர் ஸ்பான்சராக வந்ததும் 2022இல் பெயர் மாறியது.

ஆண்கள் தொழில்முறைச் சாலைப் பந்தயத்தில் அணிகளுக்கு மூன்று படிகள் உண்டு: உச்சியில் வேர்ல்டு டீம், நடுவில் புரோ டீம், அடியில் கான்டினென்டல். மேல் இரண்டு படிகளுக்கும் உரிமம் தருவது உலக சைக்கிள் சம்மேளனமான யுசிஐ. நிதிநிலை, நிர்வாகம், ஒழுக்க விதிகள் எல்லாவற்றையும் அது சோதிக்கும். அணி நொடித்தாலும் வீரர்களின் சம்பளம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக வங்கி உத்தரவாதமும் கேட்கும். டியூடர் 2023இல் நடுப்படிக்கு ஏறியது. அதே ஆண்டு அர்விட் டி கிளைன் மிலான்-டூரின் பந்தயத்தை வென்று கொடுத்தார்.

வருமானம்தான் பெரிய தலைவலி. கிரிக்கெட் மைதானம்போல வாசலில் டிக்கெட் விற்க முடியாது. ரசிகர்கள் சாலையோரத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். தொலைக்காட்சி உரிமைப் பணம் பந்தய அமைப்பாளர்களுக்குப் போகிறது. வீரர்கள், மெக்கானிக்குகள், பேருந்து, துணைக் கார்கள் என எல்லாச் செலவுக்கும் அணிகள் பெரும்பாலும் ஸ்பான்சரையே நம்பியிருக்கின்றன. 2011இல் மார்க் கேவண்டிஷ் டூரில் ஐந்து கட்டங்களை வென்று, புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான பச்சை ஜெர்சியையும் பெற்றார். ஆனாலும் புதிய ஸ்பான்சர் கிடைக்காததால் அவருடைய எச்டிசி அணி அந்த ஆண்டு முடிவிலேயே மூடப்பட்டது.

பணம் இருந்தாலும் பெரிய பந்தயங்களின் கதவு தானாகத் திறக்காது. வேர்ல்டு டீம்களுக்கு இடம் உறுதி. புரோ டீம்களில் முந்தைய ஆண்டுத் தரவரிசையின் முன்னணியில் உள்ளவற்றுக்கும் நேரடி அனுமதி உண்டு. மிச்சமிருக்கும் ஓரிரு இடங்களுக்கு அமைப்பாளர்கள் பார்த்து வைல்டு கார்டு எனும் சிறப்பு அழைப்பைத் தர வேண்டும். டியூடர் அப்படித்தான் நுழைந்தது: 2024இல் ஜிரோ டி இத்தாலியா, 2025இல் டூர். முதல் ஜிரோவிலேயே மைக்கேல் ஸ்டோரர் ஒட்டுமொத்தத்தில் பத்தாவதாக வந்தார். மார்க் ஹிர்ஷியும், இருமுறை உலகச் சாம்பியனான அலாபிலிப்பும் 2025இல் அணியில் சேர்ந்தார்கள். டூரில் கைநழுவிய வெற்றி, செப்டம்பரில் கனடாவின் கியூபெக் பந்தயத்தில் அலாபிலிப்புக்குக் கிடைத்தது.

உச்சிப் படிக்கு யார் ஏறுவது, யார் இறங்குவது என்பதை பந்தயங்களில் அணிகள் சேர்க்கும் மூன்றாண்டுப் புள்ளிகளின் கூட்டுத்தொகை தீர்மானிக்கிறது. 2023இல் தொடங்கிய கணக்கு 2025உடன் முடிந்தது. அடுத்தது 2026 முதல் 2028 வரை.