எக்ஸெல்: மவுஸ் குறியின் உருவம் மாறினால் என்ன பொருள்?

எக்ஸெல் தாளின் மீது மவுஸை நகர்த்தும்போது திரையில் தெரியும் குறி ஒரே உருவத்தில் நிற்பதில்லை. ஓரிடத்தில் தடித்த வெள்ளைக் கூட்டல் குறி, ஓரிடத்தில் மெல்லிய கறுப்புக் கூட்டல் குறி, இன்னோரிடத்தில் நான்கு முனை அம்பு என மாறிக்கொண்டே இருக்கும். நம்மில் பலர் இதைக் கவனிப்பதில்லை. பட்டனை அழுத்தினால் அடுத்து என்ன நடக்கும் என்று எக்ஸெல் முன்கூட்டியே நமக்குச் சொல்லும் அறிவிப்பு இது.

கடையின் கடன் கணக்கு, வீட்டுச் செலவு, ஜமாஅத் சந்தாப் பட்டியல், பிள்ளைகளின் மதிப்பெண் என இன்று பலவும் எக்ஸெலில்தான் எழுதப்படுகின்றன. அறிவிப்பைப் பாராமல் இழுத்துவிட்டால் ஒருவர் தர வேண்டிய தொகை இன்னொருவர் பெயருக்கு எதிரே போய் நின்றுவிடும். எனவே ஒவ்வோர் உருவத்தையும் அறிந்துகொள்வோம்.

1. தடித்த வெள்ளைக் கூட்டல் குறி

கட்டத்தின் (செல்) நடுப்பகுதியில் மவுஸ் இருந்தால் இந்த உருவம் தெரியும். இதன் வேலை தேர்வு செய்வது மட்டுமே. இந்தக் குறி இருக்கும்போது சொடுக்கினாலும் இழுத்தாலும் கட்டங்கள் தேர்வாகுமே தவிர, உள்ளே இருக்கும் எதுவும் மாறாது. அச்சமின்றிப் பயன்படுத்தலாம்.

2. மெல்லிய கறுப்புக் கூட்டல் குறி

தேர்வு செய்த கட்டத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சிறு சதுரப் புள்ளி இருக்கும். மவுஸை அதன் மேல் கொண்டுசென்றால் குறி மெலிந்து கறுப்பாகிவிடும். இப்போது இழுத்தால் அந்தக் கட்டத்தில் இருப்பது அடுத்தடுத்த கட்டங்களிலும் நிரப்பப்படும். ஒரே எண்ணாக இருந்தால் அதே எண் திரும்பத் திரும்ப வரும். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் 1, 2, 3 என வரிசையாக வரும். தேதியாக இருந்தால் தானாகவே ஒவ்வொரு நாளாகக் கூடும். பக்கத்து நெட்டு வரிசையில் விவரங்கள் இருந்தால், இந்தப் புள்ளியை இருமுறை சொடுக்கினாலே போதும். அவை முடியும் இடம் வரை நிரம்பிவிடும்.

மிகவும் பயனுள்ள வசதி இது. மிகவும் கவனம் தேவைப்படுவதும் இதற்கே. காரணம், கீழே ஏற்கெனவே எண் இருந்தாலும் எக்ஸெல் எதுவும் கேட்காமல் அதன் மேலேயே எழுதிவிடும். ஒருவர் தர வேண்டியது 1,250 ரூபாய், அவருக்கு அடுத்த வரியில் உள்ளவர் தர வேண்டியது 3,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தெரியாமல் ஒரு கட்டம் கீழே இழுத்துவிட்டால் இரண்டாமவர் கடனும் 1,250 ஆகிவிடும். 2,150 ரூபாய் கணக்கிலிருந்து மறைந்துவிடும். அடியில் உள்ள கூட்டுத்தொகையும் அதற்கேற்பக் குறைந்துவிடும். கணக்குச் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

பல கட்டங்களைத் தேர்வு செய்துவிட்டு இதே புள்ளியைப் பிடித்து உள்பக்கமாக, அதாவது மேல்நோக்கி இழுத்தால் அங்கிருக்கும் விவரங்கள் அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

3. நான்கு முனை அம்பு

தேர்வு செய்த கட்டத்தின் ஓரக் கோட்டில் மவுஸ் பட்டால் வெள்ளை அம்போடு நான்கு முனைக் குறியும் சேர்ந்து தெரியும். இப்போது இழுத்தால் அந்தக் கட்டத்தில் உள்ளது அங்கிருந்து எடுக்கப்பட்டு வேறு கட்டத்திற்குப் போய்விடும். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் நகல் மட்டும் போகும்.

போகும் இடத்தில் வேறு விவரம் இருந்தால், அதை மாற்றிவிடலாமா என்று எக்ஸெல் வழக்கமாகக் கேட்கும். அங்கு வெற்றுக் கட்டம் இருந்தால் கேட்காது. சிக்கல் இங்கேதான். கடனே இல்லாத ஒருவரின் வெற்றுக் கட்டத்தில் மற்றவரின் 3,400 ரூபாய் போய் விழுந்தால், அதே பட்டியலுக்குள் இடம் மாறியதால் கூட்டுத்தொகை மாறாது. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துக் கணக்கைச் சரிபார்ப்பவருக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது. வாங்காத கடனுக்கு ஒருவர் பதில் சொல்லும் நிலை வந்துவிடும்.

4. கறுப்பு அம்புகள்

மேலே உள்ள ஏ, பி, சி எழுத்துகளின் மீது கீழ்நோக்கிய கறுப்பு அம்பு தெரியும். சொடுக்கினால் முழு நெட்டு வரிசையும் தேர்வாகும். இடப்பக்க எண்களின் மீது வலம் நோக்கிய அம்பு தெரியும். சொடுக்கினால் முழுப் படுக்கை வரிசையும் தேர்வாகும்.

இரண்டு எழுத்துகளுக்கு இடையிலுள்ள கோட்டில் நெட்டுக் கோடும் இருமுனை அம்பும் சேர்ந்த உருவம் வரும். இழுத்தால் அகலம் மாறும். இருமுறை சொடுக்கினால் உள்ளே இருப்பதற்கேற்ற அகலம் தானாக அமையும். எண்ணுக்குப் பதிலாக #### என்று தெரிந்தால் பெரும்பாலும் இடம் போதவில்லை என்றே பொருள், எண் அழிந்துவிடவில்லை. அகலப்படுத்தினால் தெரியும்.

5. மற்ற உருவங்கள்

நெடுங்கோடு போன்ற குறி எழுத்துகளைத் திருத்தும் இடத்தில் வரும். கை உருவம் இணைப்பு இருப்பதைக் காட்டும். தூரிகை உருவம் ஒரு கட்டத்தின் நிறம், எழுத்து வடிவம் போன்றவற்றை வேறு கட்டத்திற்குக் கொடுக்கப் பயன்படும். வேண்டாமெனில் எஸ்கேப் விசையை அழுத்தவும்.

பாதுகாப்பு வழிகள்

தவறு நடந்தது தெரிந்தவுடன் கண்ட்ரோல் விசையுடன் இசட் விசையை அழுத்தினால் பழைய நிலை திரும்பும். கோப்பை மூடிவிட்டால் இந்த வசதி இருக்காது.

பலர் கையாளும் கணினி என்றால் இழுக்கும் வசதியையே நிறுத்திவிடலாம். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று சென்று "எனேபிள் ஃபில் ஹேண்டில் அண்ட் செல் டிராக் அண்ட் டிராப்" என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டால் இரண்டாவது, மூன்றாவது உருவங்கள் தோன்றாது. வசதி வேண்டும் என்பவர்கள் அதன் கீழே உள்ள எச்சரிக்கைக் குறியை மட்டும் எடுக்காமல் இருக்கட்டும்.

பிறருடைய பணக்கணக்கு நம் கையில் உள்ள அமானிதம். கூட்டுத்தொகையோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு பெயரையும் அதற்கு எதிரே உள்ள தொகையையும் ரசீதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இழுப்பதற்கு முன் குறி என்ன உருவத்தில் இருக்கிறது என்று ஒரு கணம் பார்த்துக்கொள்வோம்.