15 லட்ச ரூபாய்த் திண்ணை!

எங்கள் படவேட்டில் ஆடு காணாமல் போனாலும் சரி, ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் கோயிலில் கூழ் ஊற்றினாலும் சரி, டீக்கடைத் தட்டியில் ஒரு தாள் ஒட்டினால் போதும். ஊருக்கே தெரிந்துவிடும். ஒட்டுகிறவரிடம் 'லைசென்ஸ் இருக்கா?' என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், கம்ப்யூட்டரில் ஒட்டினால் கேட்போம் என்று கிளம்பியது டெலிபோன் இலாகா, 1994-ல்!

அதற்கு முன்னால் கொஞ்சம் பழங்கதை. 1978 ஜனவரி. சிகாகோவில் பேய்த்தனமான பனிப்புயல். வீட்டுக்குள் அடைபட்ட வார்ட் கிறிஸ்டென்சன், நண்பர் ராண்டி சூஸுடன் சேர்ந்து, தங்கள் கம்ப்யூட்டர் கிளப்பின் அறிவிப்புப் பலகையை அப்படியே மிஷினுக்குள் ஏற்றினார். பிப்ரவரி 16-ல் ரெடி! அதுதான் புல்லட்டின் போர்டு, சுருக்கமாக பி.பி.எஸ்.

ஒரு வீடு, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு டெலிபோன். அவ்வளவுதான் முதலீடு. மோடம் வழியாக போன் போட்டால் 'கீ...ங்' என்று கத்திவிட்டு உள்ளே விடும். மற்றவர்கள் எழுதியதைப் படிக்கலாம், நாமும் எழுதலாம். ஒரு நேரத்தில் ஒருத்தர்தான். அடுத்தவருக்கு எங்கேஜ்டு டோன்! 1984-ல் டாம் ஜென்னிங்ஸ் 'ஃபிடோநெட்' ஆரம்பித்தார். போன் கட்டணம் குறைவான ராத்திரி நேரத்தில் ஒரு போர்டு இன்னொரு போர்டைக் கூப்பிட்டுக் கடிதங்களைக் கைமாற்றும்.

நம்ம ஊருக்கும் வந்தது. பம்பாயில் 'லைவ் வயர்', பெங்களூரில் அதுல் சிட்னிஸின் 'சி.ஐ.எக்ஸ்.' என்று முளைத்தன. ஆசைக்கு நடத்தியவர்களே அதிகம். அவர்களிடம்தான் வருஷத்துக்கு 15 லட்ச ரூபாய் லைசென்ஸ் கட்டணம் கேட்டது இலாகா.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். ஒரு லைன், ஆளுக்கு அரை மணி. ஒரு நிமிஷம்கூட வீணாகாமல் ஓடினாலும் நாளைக்கு 48 பேர். கட்டணமோ தினம் 4,110 ரூபாய். ஆக, தலைக்கு 86 ரூபாய். திண்ணையில் உட்கார்ந்து பேசுவதற்கு!

எதிர்ப்பு கிளம்பியது. சிட்னிஸ் முன்வரிசையில் நின்றார். ஆனால், 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். இன்டர்நெட்டைத் திறந்துவிட, கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது.

செத்ததா பி.பி.எஸ்.? இல்லை சார்! உலகத்தில் அங்கங்கே சிலர் இன்னமும் வீட்டில் நடத்துகிறார்கள். ஃபிடோநெட்டும் ஓடுகிறது. இப்போது உள்ளே போகிற வழி பெரும்பாலும் இன்டர்நெட்தான். கடையைக் காலி பண்ண வைத்தவன் வாசலிலேயே கடை!

எனக்கு ஒன்று புரிந்தது. லாபம் பார்த்து ஆரம்பித்ததில்லை. அதனால், நஷ்டம் என்று சொல்லி மூடவும் முடியவில்லை.