பாடுறவர் எங்க நிக்கிறார்?

போன செமஸ்டர் லீவுல ரெண்டு மாசம் இன்டர்ன்ஷிப் போனேன். கையில் கொஞ்சம் ஸ்டைபண்ட் வந்தது. வாழ்க்கையில் நான் சம்பாதித்த முதல் காசு. அதில் அப்பாவுக்கு ஏதாவது வாங்கணும்னு ரொம்ப நாளா ஆசை. சட்டை, வாட்ச் எது வாங்கினாலும் பீரோவுக்குள்ள தூங்கும். அவர் தினமும் உட்கார்ந்து ரசிக்கிற ஒரே விஷயம் பாட்டு. அதனால் 12,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கரும் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையரும் வாங்கினேன். கடையில் கேட்டப்போ சூப்பரா இருந்தது. "பிடிக்கலைன்னா 7 நாளுக்குள்ள கொண்டு வாங்க தம்பி" என்றார் கடைக்காரர்.

ஈரோட்டில் எங்க வீட்டு ஹால் 12 அடிக்கு 10 அடி. ஒரு ஸ்பீக்கரை மூலையில் இருந்த பீரோ மேல வச்சேன். இன்னொன்றை டிவி ஸ்டாண்டில். அப்பா வழக்கம் போல பீரோ பக்கத்தில், பின் சுவரில் சாய்த்துப் போட்ட தன் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் பாட்டு 1978-ல் வந்த 'ப்ரியா' படத்திலிருந்து. ஸ்டீரியோவில் பதிவான பாட்டு. பெரியப்பாவின் கேசட்டில் அவர் சின்ன வயசிலேயே கேட்டது.

முழுப் பாட்டும் கேட்டுவிட்டு மெதுவா சொன்னார்: "நல்லாதான்டா இருக்கு. ஆனா பாடுறவர் நம்ம பீரோவுக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. அடியில ஒரே டம்மு டம்மு, கிணத்துக்குள்ள கேக்குற மாதிரி."

எனக்கு முகம் தொங்கிப்போச்சு. ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்துடலாமா? கையில் 7 நாள் இருந்தது. அந்த 7 நாளில் நான் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

ரெண்டு காது போடும் கணக்கு

வலது பக்கம் ஒருவர் கூப்பிட்டால் அந்தச் சத்தம் முதலில் வலது காதுக்கு வரும். தலையைச் சுற்றி இடது காதுக்குப் போக அதிகபட்சம் 0.6 முதல் 0.7 மில்லி செகண்ட் கூடுதலா ஆகும். கண் சிமிட்டும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனா நம்ம மூளை இதைவிடச் சின்ன வித்தியாசத்தையும் பிடித்துவிடும். இன்னொரு துப்பும் உண்டு. உயர்ந்த சுருதிச் சத்தங்களைத் தலை மறைக்கும், அதனால் தூரக் காதில் சத்தம் குறையும். தாழ்ந்த சுருதிக்கு நேர வித்தியாசம், உயர்ந்த சுருதிக்கு அளவு வித்தியாசம் என்று ரெண்டையும் வைத்துத்தான் திசை கண்டுபிடிக்கிறோம். இதை 1907-லேயே ராலே பிரபு என்ற விஞ்ஞானி எழுதிவிட்டார்.

ஸ்டீரியோ இந்த மூளையை ஏமாற்றும் வித்தை. ரெண்டு ஸ்பீக்கரிலும் ஒரே குரல், ஒரே அளவில், ஒரே நேரத்தில் காதுக்கு வந்தால் மூளை "இது நடுவில் இருந்து வருது" என்று முடிவு பண்ணும். நடுவில் ஒன்றுமே இருக்காது, வெறும் சுவர்தான். ஆனா அங்கே ஒருவர் நின்று பாடுவது போல் கேட்கும். இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்த ஆலன் ப்ளம்லைன் என்ற இன்ஜினியர் 1931 டிசம்பரில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அப்போ அவருக்கு வயது 28. இரண்டாம் உலகப் போரில் ரேடார் சோதனை செய்த விமானம் விழுந்து 38 வயதில் இறந்துபோனார். நம்மில் பலருக்கு அவர் பெயர் கூடத் தெரியாது.

இப்போ எங்க ஹாலுக்கு வருவோம். சத்தம் ஒரு அடி போக சுமார் 0.9 மில்லி செகண்ட் ஆகும். அப்பாவின் நாற்காலியில் இருந்து பீரோ ஸ்பீக்கர் 4 அடி, டிவி ஸ்பீக்கர் 9 அடி. 5 அடி வித்தியாசம் என்றால் 4 மில்லி செகண்டுக்கு மேல். காதுக்குப் பழகின கணக்கு 0.7-க்குள்தான். அதைத் தாண்டினால் முதலில் வந்த சத்தத்தின் பக்கமே மூளை முழுசா சாய்ந்துவிடும். அப்புறம் பாடுறவர் பீரோவுக்குள் போகாமல் எங்கே போவார்? குற்றம் ஸ்பீக்கரில் இல்லை, நான் வைத்த இடத்தில்.

முக்கோணம் போட்டேன், குரலே காணோம்

மூன்றாம் நாள் இன்ச் டேப் எடுத்தேன். 10 அடிச் சுவருக்கு முன்னால் 2 அடி தள்ளி ரெண்டு ஸ்பீக்கர், நடுவில் 6 அடி இடைவெளி. ரெண்டிலும் மேலே இருக்கும் சின்ன ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு வரணும். ரெண்டு ஸ்டூல் மேல் என் பழைய செமஸ்டர் புத்தகங்களை அடுக்கிச் சரிபண்ணினேன். (அந்தப் புத்தகங்கள் எனக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.) நாற்காலியும் ஒவ்வொரு ஸ்பீக்கரில் இருந்தும் 6 அடி. அழகான சமபக்க முக்கோணம்.

பாட்டைப் போட்டால் அதிர்ச்சி. குரல் நடுவில் இல்லை, பீரோவிலும் இல்லை. தலையைச் சுற்றி எங்கேயோ மிதக்குது. பேஸ் சுத்தமா செத்துப்போச்சு.

ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துவிட்டு நாலாம் நாள் ஸ்பீக்கர் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கருப்பு ஒயர்களை மாற்றிச் சொருகியிருந்தேன். நான் படிப்பது எலக்ட்ரானிக்ஸ், நாலாவது வருஷம். தயவு செய்து என் லேப் சாரிடம் சொல்லாதீங்க.

அப்படிச் சொருகினால் ஒரு ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுக்கும். தாழ்ந்த சுருதியில் ரெண்டும் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும், பேஸ் போய்விடும். நடுவில் நிற்க வேண்டிய குரலுக்கு இடமே இருக்காது. உங்க ஸ்பீக்கரில் சந்தேகம் இருந்தால் ஒருவர் மட்டும் பேசும் ரெக்கார்டிங்கைப் போடுங்க. குரல் நடுவில் ஒரு புள்ளியில் நின்றால் சரி. பரவி மிதந்தால் ஒயரைப் பாருங்க.

ஒயரை மாற்றியதும் குரல் நடுவுக்கு வந்தது. ஆனா ஓரம் மழுங்கி, கொஞ்சம் கலங்கலா இருந்தது. இதற்குக் காரணம் ரூம்.

சுவரும் கூடச் சேர்ந்து பாடும்

காலி ரூமில் ஒரு தடவை பலமா கை தட்டிப் பாருங்க. தட்டி முடித்த பிறகும் "ட்ர்ர்ர்" என்று ஒரு வால் இழுக்கும். சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை எல்லாமே சத்தத்தை விழுங்காமல் திருப்பி அனுப்புபவை. நம்ம வீடுகள் வெயிலுக்குக் கட்டினவை, பாட்டுக்கு இல்லை.

இதை முதலில் அளந்தவர் ஹார்வர்டில் வேலை பார்த்த வாலஸ் சபைன். 1895-ல் அங்கே ஒரு லெக்சர் ஹாலில் யார் பேசினாலும் ஒன்றும் புரியவில்லை. ஒரு சத்தம் அடங்க 5 செகண்டுக்கு மேல் ஆனது. சபைன் ராத்திரி நேரத்தில் பக்கத்துத் தியேட்டரின் சீட் குஷன்களைச் சுமந்து வந்து, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே, ஆர்கன் குழாயும் ஸ்டாப்வாட்சும் வைத்துச் சத்தம் அடங்கும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் குஷன்களைத் திருப்பி வைக்கணும். அந்த ராத்திரிகளில் கிடைத்த சூத்திரம் இது:

அடங்கும் நேரம் = 0.161 × ரூமின் கன அளவு ÷ மொத்த உறிஞ்சல்

எங்க ஹாலுக்குப் போட்டுப் பார்த்தேன். கூரை 10 அடி, கன அளவு சுமார் 34 கன மீட்டர். எல்லாப் பரப்பும் சேர்த்து 63 சதுர மீட்டர். காலி ரூமில் அது 3 சதவீதம் சத்தத்தைத்தான் விழுங்கும் என்று வைத்துக்கொண்டால் உறிஞ்சல் 1.9. அடங்கும் நேரம் 2.9 செகண்ட்! மெத்தை, திரைச்சீலை, ஆட்கள் எல்லாம் சேர்ந்து உறிஞ்சல் 8 ஆனால் 0.7 செகண்டுக்கு இறங்கிவிடும். இந்தச் சூத்திரம் பெரிய ஹாலுக்கு உண்டானது, சின்ன ரூமுக்கு இது தோராயக் கணக்குதான். ஆனா எந்தப் பக்கம் போகணும் என்று காட்டிவிடும்.

அம்மாவும் கண்ணாடியும்

எல்லா எதிரொலியும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. பக்கச் சுவரில் ஒரே ஒரு தடவை பட்டு வருவதுதான் முதல் எதிரி. எங்க முக்கோணத்தில் நேர் வழி 6 அடி, சுவர் வழி 8.7 அடி. அதாவது 2.4 மில்லி செகண்ட் பின்னால் அதே குரலின் நகல் வருது. மூளை அதைத் தனி எதிரொலியாகக் கேட்காது, முதல் சத்தத்தோடு சேர்த்துவிடும். சேரும்போது சில சுருதிகள் கூடும், சில குறையும். குரலின் உருவம் அகன்று மழுங்கும்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கு. நீங்க நாற்காலியில் உட்காருங்க. இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் வைத்து மெதுவா நகர்த்தணும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரியுதோ, சத்தமும் அங்கேதான் பட்டுத் திரும்பும். ஒளிக்கும் ஒலிக்கும் அந்த விதி ஒன்றுதான்.

எங்க வீட்டில் கண்ணாடி பிடித்தது அம்மா. "என்னடா இது, பொண்ணு அலங்காரம் மாதிரி சுவரெல்லாம் கண்ணாடி காட்டச் சொல்ற?" என்று கேட்டுக்கொண்டே பிடித்தார். ஒரு பக்கம் ஜன்னல் வந்தது, அங்கே தடிமனான திரை. இன்னொரு பக்கம் வெறும் சுவர், அங்கே புத்தக அலமாரியை நகர்த்தினோம். முன்னும் பின்னுமாக இருக்கும் புத்தகங்கள் சத்தத்தைச் சிதறடிக்கும். டைல்ஸ் மேல் பவானி ஜமுக்காளத்தை ரெண்டா மடித்துப் போட்டோம். மறுபடியும் கை தட்டினேன். வால் நறுக்கென்று குட்டையாகியிருந்தது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமே என்று நீங்க நினைக்கலாம். அது மெல்லிய காகிதக் கூழ், பெரிசா ஒன்றும் விழுங்காது. ஒரு இன்ச் ஃபோம் கூட உயர்ந்த சுருதியைத்தான் விழுங்கும். தாழ்ந்த சுருதிக்கு அது இருப்பதே தெரியாது.

டம்மு டம்மு எங்கிருந்து வந்தது?

57 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலைநீளம் 6 மீட்டருக்கு மேல், அதாவது 20 அடி. எங்க ரூமின் அகலம் 10 அடி, சரியாகப் பாதி. அலை எதிரெதிர் சுவரில் பட்டுத் திரும்பி, தன் மேலேயே விழுந்து, நிலை அலையாக நின்றுவிடும். உயரமும் 10 அடி என்பதால் அதே 57 இன்னொரு தடவை. 12 அடி நீளத்துக்கு 48 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரில் ஏ ஸ்வரம் 55 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் ரூமும் சேர்ந்து முழங்கும், பக்கத்து ஸ்வரம் அமைதியா போய்விடும்.

இந்த அழுத்தம் சுவர் ஓரத்திலும் மூலையிலும் உச்சம், நடுவில் குறைவு. மொபைலில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்று போட்டு, 48 ஹெர்ட்ஸை மெல்லிய சத்தத்தில் ஓட விட்டு நடந்து பாருங்க. ஒரே சத்தம் இடத்துக்கு இடம் ஏறி இறங்கும். அப்பா உட்கார்ந்த இடம் பின் சுவரும் மூலையும். நான் ஸ்பீக்கர் வைத்ததும் மூலை. கிணறு கட்டிக் கொடுத்ததே நான்தான்.

புது இடத்தில் நாற்காலி பின் சுவரில் இருந்து 5 அடி கிட்ட முன்னால் வந்துவிட்டது. சரியான நடுவும் இல்லை, சுவர் ஓரமும் இல்லை. டம்மு பெரும்பாலும் அடங்கிவிட்டது. முழுசா போகவில்லை. அதற்குச் சுவர் மாதிரி தடிமனான உறிஞ்சல் வேணும், எங்க ஹாலில் அதுக்கு இடமில்லை.

இயர்போனில் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் ரூமின் தொல்லை கிடையாது. ஆனா இடது ஒலி இடது காதுக்கு மட்டும், வலது ஒலி வலது காதுக்கு மட்டும் போகும். அதனால்தான் பாடுறவர் முன்னால் நிற்காமல் தலைக்குள்ளேயே நிற்கிறார்.

ஏழாம் நாள்

ஞாயிற்றுக்கிழமை. கடைக்குப் போக வேண்டிய கடைசி நாள். அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னேன். அதே பாட்டு. ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார், ரெண்டு ஸ்பீக்கருக்கும் சரியா நடுவில், தினசரி காலண்டர் தொங்குற இடத்தைக் காட்டி.

"அங்க நிக்கிறார்டா."

பாட்டு முடிந்ததும் கேட்டார்: "இதுக்கு இன்னும் எவ்வளவு செலவு பண்ண?"

"ஒண்ணும் இல்லப்பா. நாற்காலியத்தான் நகர்த்தினேன்."

பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒரே பிரச்சினை, நாற்காலி இப்போ ஹாலின் நடுவழியில் இருக்கு. அம்மா தினமும் பெருக்கும்போது அதைச் சுவர் ஓரமா தள்ளிவிடுவார், அப்பா சாயங்காலம் வந்து திரும்ப இழுத்துப் போடுவார். தரையில் சாக்பீஸில் நாலு புள்ளி வைத்திருக்கேன்.

புது ஸ்பீக்கர் வாங்கணும்னு ஹாஸ்டலில் யாராவது காசு சேர்த்துக்கொண்டிருந்தால், முதலில் ஒரு இன்ச் டேப்பும் ஒரு கண்ணாடியும் எடுங்க. பக்கத்து ரூம்காரனைக் கண்ணாடி பிடிக்கக் கூப்பிடுங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்.